ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்

ஜன்னல் பக்கம் நீயே இரும்மா. எனக்கு வெயிலும் ஆகாது, காத்தும் ஆகாது. இந்தப் பையை மட்டும் உன் காலுக்குப் பக்கத்துல வச்சுக்கிடுதேன். உள்ள ஒண்ணும் இல்ல, கொஞ்சம் கருப்பட்டி, வறுத்த அரிசி மாவு, ரெண்டு பழைய நூல் சேலை. பழைய சேலை எதுக்குன்னு பாக்கியா? மெத்துனு இருக்கும்லா. உடம்புக்கு முடியாதவங்களுக்குக் கீழ விரிச்சுக் குடுக்கலாம். நீயும் மதுரைக்குத்தான? நல்லதாப் போச்சு. மூணு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கதுன்னா என்னால முடியாது. அதான் இப்ப என் பிரச்சினையே.

என் பேரு ரூபவதி. நாசரேத்துக்கு அந்தால சாலேம்விளைன்னு ஒரு ஊரு. அங்கன வந்து ரூபி டீச்சர் வீடு எதுன்னு கேட்டா நாய்க்குட்டி கூட வழி காட்டும். மிஷன் ஸ்கூல்ல இருபத்தெட்டு வருசம் தையல் டீச்சர். நீ வேதக்காரப் பிள்ளையா, அதான் கிறிஸ்தவப் பிள்ளையா? இல்லையா? சரி, அதனால என்ன. உனக்கு விளங்குத மாதிரியே சொல்லுதேன். நாளன்னைக்கு பெரிய வெள்ளிக்கிழமை. எனக்கு அறுபத்துமூணு வயசாவுது, பெரிய வெள்ளிக்கு நான் எங்க கோயில்ல இல்லாம வெளியூர்ல கெடக்கது இதுதான் முதல் தடவை.

மகளைப் பாக்கப் போறேன். அவ பேரெல்லாம் சொல்லக்கூடாது. வெளிய சொல்லாதேன்னு அவளே சொல்லிருக்கா. இவான்னு வச்சுக்கோ. இவாஞ்சலின். பேங்க்ல வேலை. ஒரே மக.

எங்கன இருந்து ஆரம்பிக்க? ஒவ்வொண்ணையும் நெனச்சா அலுப்பா வருதும்மா. செஞ்சது ஒரு தப்பும் இல்ல, ஆனா ஊர்ல ஒருத்தியும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்கா. காலையில பால் வாங்கப் போனா, அதுவரைக்கும் வளவளன்னு பேசிக்கிட்டு நின்ன பொம்பளைங்க எல்லாம் மழை வருமான்னு பேச ஆரம்பிச்சிருவாளுக. சித்திரை வெயில்ல என்ன மழை.

எங்க சபையில வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பெண்கள் எல்லாம் ஒரு வீட்டுல கூடி ஜெபம் பண்ணுவோம். வாரத்துக்கு ஒரு வீடு. பாய் விரிச்சு உக்காந்து, ரெண்டு பாட்டுப் பாடி, வேதம் வாசிச்சு, பெறவு ஜெபக் குறிப்பு. அப்படின்னா, இன்னாருக்குக் காய்ச்சல், இன்னார் மகனுக்கு வேலை கெடைக்கல, இன்னார் வீட்டுக்காரரு குடிக்காரு, இப்படி ஒவ்வொருத்தர் கஷ்டத்தையும் சொல்லி எல்லாரும் சேந்து ஜெபிக்கது. முடிஞ்சதும் காப்பி, சுண்டல். பத்தொன்பது வருசம் நான்தான் அந்தச் சங்கத்துக்குச் செயலாளர். குறிப்பெல்லாம் எழுதி வச்சு வாசிக்க நோட்டும் எங்கிட்டதான் இருக்கும்.

நான் வாசிச்சா ஒழுங்கா வாசிப்பேன். சில பேரு இருக்காளுக, "ஒரு சகோதரிக்கு ஒரு கஷ்டம், ஜெபிச்சுக்கிடுங்க"ன்னு முழுங்கி முழுங்கிச் சொல்லுவாளுக. மொட்டைக் கடுதாசி மாதிரி ஜெபிச்சா எப்படிம்மா? பேரு, ஊரு, என்ன வியாதி, எந்தப் பக்கம் வலி, எல்லாம் சொல்லணும். அப்பதான் கூட இருக்கவளுக்கும் மனசு உருகும். ஒருத்தர் பாரத்தை ஒருத்தர் சுமக்கணும்னுதான வேதம் சொல்லுது. என்ன பாரம்னு தெரியாம எப்படிச் சுமக்க? நீயே சொல்லு.

சும்மா சொல்லக்கூடாது, நெறைய நடந்திருக்கு. எங்க தெருவுல ஞானசிகாமணின்னு ஒருத்தரு, குடிச்சா பொண்டாட்டியைத் தெருவுல வச்சு அடிப்பாரு. ஒம்பது மாசம் விடாம அவர் பேரைச் சொல்லி ஜெபிச்சோம். குடியை விட்டாரா இல்லையா? விட்டாரு. அப்புறம் குடும்பத்தோட திருப்பூர் போயிட்டாரு. போகும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிடல. அது வேற விசயம்.

தவசெல்வின்னு எனக்கு ஒரு கூட்டுக்காரி. மூணாம் கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு. அவளுக்குக் கல்யாணமானதும் எங்க தெருவுக்கு மூணாவது தெரு, எனக்குக் கல்யாணமானதும் அதே ஊரு. எங்க வீட்டுக்காரரு தவறினப்ப பதினைஞ்சு நாள் என் வீட்டுலயே படுத்துக் கெடந்தா. நான் சாப்பிடலன்னா அவளும் சாப்பிட மாட்டா. அப்படி இருந்தவ. மூணு வருசமா எங்கூடப் பேச்சு இல்ல.

நடந்தது என்னன்னு சொல்லுதேன், நீயே நியாயம் சொல்லு.

அவளுக்கு ஒரு மக, பெனிலா. தங்கமான பிள்ளை. எங்கிட்டதான் தையல் படிச்சா. தை மாசம் கல்யாணம்னு குறிச்சாச்சு. மாப்பிள்ளைக்கு மூக்குப்பீறி, நல்ல குடும்பம், பையன் ஸ்கூல் வாத்தியாரு. ஐப்பசியில ஒரு நாள், அடைமழை, செல்வி குடையோட எங்க வீட்டுக்கு வாறா. வந்தவ உக்காரல. அடுக்களைக்குள்ள வந்து பின்கதவைச் சாத்துதா. என்னட்டி, என்னன்னு கேக்கேன்.

பெனிலாவுக்குச் சின்னதுல வலிப்பு வருமாம். பதினாலு வயசோட நின்னுபோச்சாம். மாத்திரையும் நிறுத்தியாச்சு, டாக்டரும் ஒண்ணும் பயமில்லன்னுட்டாரு. அந்தப் பிள்ளை நேர்மையானவ, மாப்பிள்ளைப் பையன்கிட்ட அவளே எல்லாத்தையும் சொல்லிருக்கா. அவனும் அதனால என்னன்னுட்டான். ஆனா அவங்கம்மா ஒரு மாதிரி. கல்யாணத்துக்கு முன்னால நானே நேரம் பாத்து எங்கம்மாகிட்ட சொல்லுதேன், நீங்க யாரும் சொல்ல வேண்டாம்னு அந்தப் பையன் சொல்லிருக்கான். செல்விக்குப் பயம். ராவும் பகலும் தூக்கம் இல்ல. இதை எங்கிட்ட சொல்லி அழுதா. எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்னா பாத்துக்கோ. மூணாம் கிளாஸ்ல இருந்து கூட்டுக்காரி, இத்தனை வருசம் ஒரு வார்த்தை மூச்சு விடலியே! எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் காட்டிக்கிடல. போகும்போது எங்கையைப் பிடிச்சுக்கிட்டு, "ரூபி, இது யாருக்கும் தெரியக்கூடாது. ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லு"ன்னா.

நானும் ஆண்டவர்கிட்ட மட்டும்தான்மா சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை. லாறன்ஸ் வீட்டுல கூட்டம். நல்ல கூட்டம், இருபத்திரண்டு பேரு. குறிப்பெல்லாம் வாசிச்சு முடிச்சாச்சு. இதை நான் நோட்டுல எழுதவும் இல்ல, வாசிக்கவும் இல்ல. அவ்வளவு கவனமா இருந்தேன். ஆனா கண்ணை மூடி முழங்கால் போட்டு ஜெபிக்க ஆரம்பிச்சா, எனக்கு ஆள் யாரு இருக்கா என்னன்னு ஒண்ணும் தெரியாது. அழுகையா வருது. சின்னப் பிள்ளையில அந்த பெனிலா குட்டைப் பாவாடையோட ஓடித் திரிஞ்சது எல்லாம் கண்ணு முன்னால வருது. ஆண்டவரே, எங்க மத்தியில இருக்க ஒரு சகோதரியின் மகளை உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கேன்னு சொன்னேன். பேரைச் சொல்லல. சத்தியமாப் பேரைச் சொல்லல. தை மாசம் கல்யாணம் குறிச்சிருக்க அந்தப் பிள்ளைன்னு சொன்னேன். மூக்குப்பீறிக்கு வாழப் போற அந்தப் பிள்ளைன்னு சொன்னேன். சின்ன வயசுல அவளுக்கு இருந்த வலிப்பு நோய் திரும்ப வராம தடுத்துக் காத்துக்கொள்ளும், மாமியாருடைய இருதயத்தை இளக்கும்னு சொன்னேன். இது ஜெபமா, கோள் சொல்லுததா?

ஊர்ல தை மாசம் கல்யாணம் குறிச்சது அந்த ஒரு பிள்ளைக்குத்தான்னா அதுக்கு நான் என்ன செய்யட்டும்?

நெஞ்சு லேசாகி நான் ஆமென்னு சொல்லிக் கண்ணைத் தொறக்கேன். ஒருத்தியும் ஆமென் சொல்லல. லாறன்ஸ் பொண்டாட்டி காப்பித் தட்டோட நிக்கா, காப்பி ஆறி ஆடை படிஞ்சிருக்கு. செல்வி எந்திச்சுப் போயிட்டா. செருப்பைக் கூடப் போடல, மழையோட போறா. நான் நெனச்சேன், ஜெபத்துல மனசு உடைஞ்சிட்டு, வீட்டுல போயி தனியா அழட்டும்னு. நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்.

அந்தக் கூட்டத்துல மாப்பிள்ளையோட அம்மாவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி ஒருத்தி இருந்திருக்கா. யாரு கண்டா? பிரசவம் பாக்க மக வீட்டுக்கு வந்தவளாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியுமுன்ன மூக்குப்பீறிக்குச் சேதி போயிட்டு. அந்தப் பையன் முதல்ல உறுதியாத்தான் நின்னான்னு சொன்னாவ. அவங்கம்மா மூணு நாள் சோறு தண்ணி இல்லாமக் கெடந்திருக்கா. நாலாம் நாள் அவனும் மெதுவா நழுவிட்டான். கல்யாணம் நின்னுபோச்சு. நான் சொல்லுதேன், அப்படி நழுவுத பயலைக் கட்டிக்கிட்டு அந்தப் பிள்ளை என்ன சுகத்தைக் காண? ஆண்டவர் ஒரு வாசலை அடைச்சாருன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா. இதைச் செல்விகிட்டயே சொன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. அதோட சரி.

நீ எங்க கோயில்ல பாத்ததில்ல. மாசத்துக்கு ஒரு தடவை திருவிருந்து, அதான் அப்பமும் ரசமும் குடுக்கது. அதுக்கு முன்னால ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக் கை குடுப்போம். பக்கத்துல இருக்கவளோட மனத்தாங்கல் இருந்தா அதைத் தீத்துட்டுத்தான் திருவிருந்துக்குப் போகணும், அதான் முறை. கல்யாணம் நின்னதுக்குப் பெறவு வந்த திருவிருந்துல நான் என் வரிசையை விட்டு எந்திச்சு, பின்னால நடந்து போயி, எல்லாரும் பாக்க செல்வி முன்னால கையை நீட்டுதேன். ரெண்டு கையும் நீட்டுதேன். அவ சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. கையைத் தரல. எனக்கு எவ்வளவு அவமானம்! வேதம் படிச்ச எனக்கே இப்படின்னா. திரும்பி வந்து நான் திருவிருந்து எடுத்தேன். அவ எடுக்கல. அன்னையில இருந்து இன்னை வரைக்கும் மூணு வருசமா எடுக்கல. மன்னிக்க முடியலன்னா எடுக்கக்கூடாதுன்னு அவளா நெனச்சுக்கிட்டா போல. என் மனசுல ஒண்ணும் இல்ல, நான் மாசாமாசம் எடுக்கேன்.

அப்பவும் நான் விடல. மனத்தாங்கல் தீந்து ஒப்புரவாகுன்னு வேதம் சொல்லுதுலா. நானே எறங்கிப் போனேன், அவ வீட்டுக்கு. கதவு தொறந்துதான் இருந்துச்சு. செல்வி அடுக்களையில இருந்து வெளிய வரல. நான் நடு வீட்டுல முழங்கால் போட்டு, ஆண்டவரே, என் சகோதரி செல்வியுடைய இருதயத்துல இருக்க கசப்பை எடுத்துப் போடும்னு ஜெபிக்க ஆரம்பிச்சேன். சத்தமாத்தான். அடுக்களைக்குக் கேக்கணும்லா. பாதி ஜெபத்துல பெனிலா வந்து எம்பக்கத்துல உக்காந்தா. கண்ணைத் தொறந்தேன். அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடக்கு.

"டீச்சர், இனிமே எனக்காக ஜெபிக்காதீங்க"ன்னா.

சத்தம் போடல. திட்டல. தண்ணி குடிக்கியளான்னு கேக்க மாதிரி சொன்னா. அறைக்குள்ள போயி கதவைப் பூட்டிக்கிட்டுத்தான ஜெபிக்கச் சொல்லிருக்கு டீச்சர், நீங்கதான எங்களுக்கு ஞாயித்துக்கிழமை பள்ளியில சொல்லிக் குடுத்தீங்கன்னு வேற கேட்டா. எங்க வீட்டுல எந்த அறைக்கும்மா கதவு இருக்கு? துணி தச்சு மறைப்புத்தான் போட்டிருக்கேன். எந்திச்சு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தவ ரெண்டு நாள் எந்திக்கல. இருவத்தஞ்சு வயசுப் பிள்ளை, என்னைப் பாத்து ஜெபிக்காதேன்னு சொல்லிட்டாளே.

பெறவு அந்தப் பிள்ளை மதுரைக்கு வேலைக்குப் போயிட்டு. பெரிய ஆஸ்பத்திரியில லேப்ல ரத்தம் பாக்க வேலை.

ஊர்ல குறிப்பு சொல்ல ஆள் வரது கொறைஞ்சு போச்சு. முன்னாலயெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில எங்க வீட்டு நடையில நாலு பேராவது நிப்பாளுக. இப்ப, டீச்சர், குறிப்பு ஒண்ணும் இல்ல, எல்லாரும் சுகம்னுவாளுக. ஊரே சுகமா இருக்குமா? மூட்டுவலி கூடவா இல்லாமப் போவும்? கடைசியில ஐயரம்மா, அதான் எங்க குருவானவரோட வீட்டுக்காரி, டீச்சர் உங்களுக்கு வயசாவுது, நோட்டை நான் கொஞ்ச நாள் வச்சுக்கிடுதேனேன்னு நைசா வாங்கிக்கிட்டாவ. வாங்கின மறு வாரம் பதினோரு குறிப்பு. பதினொண்ணு! எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்.

கோவில்பட்டி வந்துட்டுதா? கடலைமிட்டாய் வாங்கணும்னா எறங்கி வாங்கிக்கோ, பையை நான் பாத்துக்கிடுதேன். வேண்டாமா? சரி.

இப்ப இவா கதைக்கு வாறேன். போன தீபாவளிக்குப் பெறவு அவ போன் பண்ணுதது மாறிப்போச்சு. முன்னால மூஞ்சியைப் பாத்துப் பேசுத மாதிரி வீடியோவுல வருவா. பெறவு வெறும் சத்தம்தான். வேலை ஜாஸ்தின்னா. கிறிஸ்மஸுக்கு வருவான்னு நான் அச்சு முறுக்கு சுட்டு வச்சுக்கிட்டு இருக்கேன், லீவு இல்லம்மாங்கா. மருமகன்கிட்ட கேட்டா, ஆமா மாமி, லீவு இல்லன்னு அவரும் தலையைச் சொறியுதாரு. போன்ல சொறியுத சத்தம் கேக்குமான்னு கேக்காத, எனக்குக் கேட்டுது. நான் என்ன நெனப்பேன்? புருசன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ சரியில்லன்னுதான நெனப்பேன்? கிறிஸ்மஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கூட்டத்துல எந்திச்சு நின்னு, என் மகளுக்கும் மருமகனுக்கும் சமாதானம் வேணும், பிரிஞ்சு போயிடாம இருக்கணும்னு கண்ணீரோட குறிப்பு சொன்னேன். எல்லாரும் உருகி ஜெபிச்சாவ. எத்தனை நாளைக்குப் பெறவு எனக்காக எல்லாரும் ஜெபிச்சாவ தெரியுமா? மனசு அவ்வளவு லேசா இருந்துச்சு. நம்ம மேலயும் நாலு பேருக்குப் பாசம் இருக்கத்தான் செய்யுதுன்னு நெனச்சேன்.

செல்வியும் அன்னைக்குக் கடைசி வரிசையில இருந்தா. நான் சொல்லச் சொல்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டே போறா. கண்ணுல இருந்து தண்ணி சொட்டுது. நான் நெனச்சேன், இப்பவாவது குத்த உணர்வு வந்துச்சேன்னு.

மூணாம் நாள் மருமகன் வீட்டுல இருந்து சம்பந்தி அம்மா போன் போட்டு, எங்க பையன் என்ன செஞ்சான்னு ஊரெல்லாம் சொல்லுதியன்னு கத்துதாவ. இவா ஒரு மாசம் எங்கூடப் பேசல. இதுக்கும் நான்தான் காரணம். எல்லாத்துக்கும் நான்தான் காரணம்.

முந்தாநாள், குருத்தோலை ஞாயிறு முடிஞ்ச மறுநாள், காலையில பத்து மணி இருக்கும். வாசல்ல செல்வி நிக்கா. மூணு வருசம் கழிச்சு. உள்ள வான்னேன், வரல. படியில கூடக் கால் வைக்கல. அங்கன நின்னுக்கிட்டே சொல்லுதா. "இவாவுக்கு மார்புல கட்டி. ஆபரேசன் பண்ணி எடுத்தாச்சு. இப்ப மருந்து ஏத்துதாவ. நேத்து மருந்து ஏத்தும்போது அம்மான்னு கூப்பிட்டு அழுதாளாம். பெனிலா போன்ல சொன்னா. எனக்கு மனசு கேக்கல. நீ போயிப் பாரு."

நடைக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்.

கேளு, பெறவு அவ சொன்னதை. என் மக டெஸ்ட் எடுக்கப் போன ஆஸ்பத்திரியிலதான் பெனிலா இருந்திருக்கா. அந்த ரிப்போர்ட்டுத் தாளை முதல்ல பாத்ததே அவதான். அன்னையில இருந்து அவதான் கூட. ஆபரேசனுக்கு அவதான் வெளிய உக்காந்திருந்தாளாம். முடி கொட்டினப்ப அவதான் ஒட்ட வெட்டி விட்டாளாம். லீவு போட்டுட்டு வந்து கஞ்சி வச்சுக் குடுத்திருக்கா. செல்விக்கு டிசம்பர்லயே தெரியும். நாலு மாசம்! மூணு தெரு தள்ளி இருந்துக்கிட்டு, ஒரே கோயில்ல உக்காந்துக்கிட்டு, என் மகளுக்குப் புருசனோட சண்டைன்னு நான் ஒப்பாரி வச்சுக்கிட்டு நிக்கேன், அவ உண்மையைத் தெரிஞ்சுக்கிட்டு வாயைத் தொறக்கல. எனக்கு ஆத்திரம் பொங்கிட்டு. நாலு மாசமாத் தெரிஞ்சும் பெத்தவகிட்ட சொல்லாம இருந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு விசுவாசியான்னு கேட்டேன். கேக்க மாட்டேனா?

"சொல்லாதேன்னு பிள்ளை கேட்டுக்கிட்டா"ன்னா. அவ்வளவுதான். திரும்பிப் போயிட்டா.

சொல்லாதேன்னா சொல்லாம இருந்துருவாளா? இது என்ன ஞாயம்னு எனக்கு இன்னும் விளங்கல. ரெண்டு நாளா அதையே நெனச்சு நெனச்சு மண்டை காயுது. பழிக்குப் பழியா செஞ்சாளோன்னு பாத்தா, அப்படியும் தெரியல. பழி வாங்குதவ எதுக்கு மகளை விட்டு என் மகளுக்குக் கஞ்சி வைக்கச் சொல்லணும்? கூட்டத்துல எதுக்கு அப்படிக் கண்ணீர் விடணும்? எனக்கு யோசிக்கத் தெம்பு இல்லம்மா. முடியல.

உடனே இவாவுக்குப் போன் போட்டேன். எடுத்தா. நான் ஒண்ணும் சொல்லுமுன்ன அவளே, செல்விச் சித்தி சொல்லிட்டாவளான்னு கேட்டா. நான் அழுதுக்கிட்டே கேட்டேன், ஏன் மக்ளே, ஊரு உலகத்துக்கெல்லாம் தெரியுது, என் கூட்டுக்காரி மகளுக்குத் தெரியுது, பத்து மாசம் சுமந்தவளுக்குத் தெரியக்கூடாதா? அதுக்கு அவ சொன்னா.

"தெரியக்கூடாதுன்னு இல்லம்மா. உங்கிட்ட சொன்னா நீ கோயில்ல எந்திச்சு நின்னு அழுவ. அன்னைக்குச் சாயங்காலமே நாப்பது பேரு எனக்குப் போன் பண்ணி, தைரியமா இருன்னு அழுவாவ. எல்லாருக்கும் நான் பதில் சொல்லணும். எனக்கு அதுக்குச் சத்து இல்லம்மா. உங்கூட நான் அழணும்னு நெனச்சேன். நாப்பது பேருகூட இல்ல."

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாவ. இவ நோய்க்கே என்னைத் தள்ளி வச்சிட்டாளே. நான் என்ன, அவளைக் காட்டிக் குடுத்துருவேனா? என்னைய அப்படித்தான் நெனச்சிருக்கா. என் வயித்துல பொறந்தது.

வரட்டுமான்னு கேட்டேன். பெத்த மக வீட்டுக்குப் போக உத்தரவு கேட்டேன் பாத்துக்கோ. "வா. ஆனா ஜெபம் பண்ணாத. சும்மா கூட இரு"ன்னா.

அதே வார்த்தை. எங்க இருந்து இந்தப் பிள்ளைங்களுக்கு இந்த வார்த்தை கெடைக்கு? மூணு வருசத்துக்கு முன்னால பெனிலா சொன்னப்ப, கோவத்துல சொல்லுதான்னு விட்டுட்டேன். இவ கோவத்துல சொல்லலம்மா. கெஞ்சுதா. சோந்து போன பிள்ளை, எங்கிட்ட கெஞ்சுதா, ஜெபிக்காதேன்னு.

நேத்து ஐயரம்மா வந்தாவ, பெரிய வியாழன் ஆராதனைக்கு மேசை விரிப்பு யாரு தேய்க்கன்னு கேக்க. நான் ஊருக்குப் போறேன்னேன். என்ன விசயம் டீச்சர்னாவ. நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. சொன்னா போதும், அந்த நிமிசமே பாயைப் போட்டு அழுது ஜெபிச்சிருப்போம், என் நெஞ்சுல இருக்க பாறாங்கல்லு எறங்கியிருக்கும். மகளைப் பாத்து நாளாச்சுன்னு மட்டும் சொன்னேன். அதுக்கே எனக்கு வேர்த்து ஊத்திட்டு. அவிய போனதும் அடுக்களையில போயி உக்காந்துட்டேன். எனக்காக ஒருத்தியும் ஜெபிக்கலியேன்னு ஏக்கமா இருந்துச்சு. உண்மையைச் சொல்லுதேனே, அப்பதான் ஒண்ணு தோணுச்சு. அன்னைக்கு அந்த லாறன்ஸ் வீட்டுல பெனிலாவுக்காக ஜெபிச்சு என் நெஞ்சு லேசானதே, அது யாரு பாரத்தை எறக்கி வச்சு லேசாச்சுன்னு. சரி, அதை விடு. அதையெல்லாம் யோசிச்சா தலை சுத்துது.

உன்கிட்ட சொன்னது கணக்குல வராது. நீ யாரோ எவரோ. உனக்கு என் மகளைத் தெரியவா போவுது? தெற்குவாசல் பக்கம் பேங்க்ல இருக்கா, நீ அந்தப் பக்கம் போவியா? போனாலும் கேக்காத என்ன.

இன்னைக்குக் காலையில எந்திச்சதும் வாயை மூடிக்கிட்டு ஜெபிச்சுப் பாத்தேன். சத்தம் இல்லாம. என் ஒம்பது வயசுல எங்கப்பா ஜெபிக்கச் சொல்லிக் குடுத்தாவ, அதுல இருந்து சத்தமாத்தான் ஜெபிச்சிருக்கேன். உள்ளுக்குள்ளயே சொல்லணும்னா ஒரு வார்த்தையும் நிக்க மாட்டேங்கு. இவா இவான்னு அவ பேரு மட்டும்தான் திரும்பத் திரும்ப வருது. அதுல கேக்கது ஒண்ணும் இல்ல, ஸ்தோத்திரம் ஒண்ணும் இல்ல, ஆமென் கூட இல்ல. அது ஜெபத்துல சேத்தியா இல்லையான்னு யாருகிட்ட போயிக் கேக்க.

திருமங்கலம் தாண்டிட்டோமா? அப்ப இன்னும் அரை மணி நேரம் கூட இல்ல. ஏ ஆத்தா, அந்தப் பையைக் கொஞ்சம் எடு. மருமகன் வந்து கூட்டிட்டுப் போறேன்னிருக்காரு. பெனிலாவும் வீட்டுல இருப்பாளாம், இன்னைக்கு அவளுக்கு லீவாம். அந்தப் பிள்ளை மூஞ்சில நான் எப்படி முழிக்க? மன்னிச்சிருன்னு கேக்கணும்னு நெனச்சு வந்தேன். நான் செஞ்சது தப்பு இல்லதான், இருந்தாலும் கேக்கணும்னு தோணுது. எப்படிக் கேக்கதுன்னு பாத்தா, எனக்கு முழங்கால் போட்டுச் சத்தமாக் கேக்கத்தான் தெரியும். அது கூடாது. ஒரு செம்பு தண்ணியை அவ கையில இருந்து வாங்கிக் குடிச்சிட்டு, இனி நான் பாத்துக்கிடுதேன் மக்ளே, நீ போயி கொஞ்சம் படுன்னு சொல்லலாம். அவ்வளவுதான் எனக்குத் தோணுது.

இவாவைப் பாத்தா அழுகை வந்துரும். முடி இல்லாத தலையோட நிப்பா. வந்தா முழுங்கிக்கிடுவேன். ஆனா முதல் வார்த்தை என்ன பேசணும்னுதான் தெரியல. ஆறுதல் சொல்லப் போற எடத்துலயெல்லாம், எங்கள் பரலோகத் தகப்பனேன்னுதான் வாயைத் தொறந்து எனக்குப் பழக்கம். அதை விட்டா எனக்கு வேற பேச்சுத் தெரியாதுன்னு இப்பதான் தெரியுது. கொஞ்சம் சொல்லேம்மா, நீ அவ வயசுதான். கதவைத் தொறந்ததும், சாப்பிட்டியா மக்ளேன்னு கேக்கலாம்லா? உங்கம்மா அப்படிக் கேட்டா உனக்குக் கோவம் ஒண்ணும் வராதே?